கையேடு எழுதினால் நிரல் திருந்தும்

யூனிக்ஸில் கேட் என்றொரு சின்னக் கட்டளை உண்டு. கொடுத்த கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துத் திரையில் கொட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேட்டில், இந்தக் கட்டளைக்கான பக்கம் ஓர் எச்சரிக்கையையும் சுமந்திருக்கிறது. அ, ஆ என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அ-வுக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று நினைத்துக் கட்டளை கொடுத்தால், படிக்கத் தொடங்கும் முன்பே அ காலியாகிவிடும், ஜாக்கிரதை என்கிறது அது.

நியாயமாகப் பார்த்தால் இதில் கேட்டின் குற்றம் ஏதுமில்லை. வெளியீட்டை எந்தக் கோப்புக்குத் திருப்புவது என்பதைக் கவனிப்பது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். கேட்டை எழுப்புவதற்கு முன்பே அது அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதைத் துடைத்துத் தயாராக வைத்துவிடுகிறது. கேட் வந்து பார்க்கும்போது அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. “இது எங்கள் பொறுப்பில் வராது, ஷெல்லைப் போய்க் கேளுங்கள்” என்று பக்கத்தை எழுதியவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் கோப்பைப் பறிகொடுத்து நிற்பவருக்குக் குற்றவாளி யார் என்ற ஆராய்ச்சியால் என்ன பயன்? அவர் கேட்டைத்தான் ஓட்டினார். எனவே கேட்டின் பக்கத்தில்தான் எச்சரிக்கை இருக்க வேண்டும். மேன் பக்கம் எழுதக் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த மனநிலையைத்தான். புள்ளிகளும் கட்டளைச் சொற்களும் நிறைந்த இலக்கணம் பிறகு வரும். அது ஒரு பிற்பகலில் படிந்துவிடும்.

டெர்மினலில் மேன் என்று தட்டி, ஓர் இடம் விட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விரியும் பக்கம்தான் மேன் பக்கம். ஆங்கிலத்தில் மேனுவல் என்பதன் முதல் மூன்று எழுத்துகள். லினக்ஸ், மேக்ஓஎஸ், பிஎஸ்டி குடும்பம் என யூனிக்ஸின் வாரிசுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. இணையம் தேவையில்லை, மவுஸ் தேவையில்லை. சர்வர் படுத்துவிட்ட நள்ளிரவில், வலைப்பின்னலும் இல்லாத நேரத்தில், கூடவே இருப்பது இது ஒன்றுதான்.

இதன் பிறப்புச் சான்றிதழில் தேதி தெளிவாக இருக்கிறது: 1971 நவம்பர் 3. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற இடத்தில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய துறைத் தலைவர் டக் மெக்கில்ராய், ஒரு கையேடு வேண்டும் என்று வற்புறுத்தினார். முதல் பதிப்பு வந்தது. கட்டளைகள், சிஸ்டம் கால்கள், துணை நிரல்கள், சிறப்புக் கோப்புகள், கோப்பு வடிவங்கள், பயனர்கள் பராமரிக்கும் நிரல்கள், இதர விஷயங்கள் என்று ஏழு பிரிவுகள். பிரிவுக்குள் அகர வரிசை. ஒரு நிரல் மாறினால் அதற்குரிய தாளை மட்டும் உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகலாம். அதற்குப் பின் யூனிக்ஸின் ஒவ்வொரு நிலையும் கையேட்டின் பதிப்பு எண்ணாலேயே அழைக்கப்பட்டது. ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு என்று வரலாற்று நூல்கள் சொல்வது இயங்குதளத்தைத்தான். ஆனால் எண் என்னவோ கையேட்டினுடையது. மென்பொருளுக்கு அதன் கையேடு பெயர் வைத்த கதை வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த முதல் பதிப்பிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது: நேம், சினாப்சிஸ், டிஸ்கிரிப்ஷன், ஃபைல்ஸ், ஸீ ஆல்ஸோ, டயக்னாஸ்டிக்ஸ், பக்ஸ், ஓனர். கடைசியில் உள்ள ஓனர், நிரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று அவருடைய பயனர் பெயரைச் சொல்லும். ஏதாவது உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்ஸ் பகுதி அதைவிடத் துணிச்சலானது. தம் நிரலில் எது சரியில்லை என்பதை எழுதியவரே அச்சில் ஒப்புக்கொள்வதற்கென்று ஒதுக்கிய இடம் அது. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையின் 1971-ஆம் ஆண்டுப் பக்கத்தில், எழுதத் தடை போட்டிருக்கும் கோப்பை அழிக்கும் முன் ஆர்எம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமோ என்று ஓர் ஒப்புதல் இருக்கிறது. பிற்பாடு வந்த ஆர்எம் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டது. இன்று உங்கள் லினக்ஸில் இருப்பதும் கேட்கிறது. குறையை எழுதி வைத்ததால்தான் அது திருந்தியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எழுதி வைத்த குறைக்குத் திருந்தும் வாய்ப்பு அதிகம். மெக்கில்ராய் கையேட்டின் மொழியில் கறாராக இருந்தவர். ஒரு நிரலின் நடத்தையை விளக்கப் பத்து வரி பிடித்தால், பத்து வரியை எழுதுவதைவிட நிரலைத் திருத்துவது எளிது என்ற நிலைக்கு அந்தக் கறார்த்தனம் எழுதுபவரைத் தள்ளியது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததும் இதுதான். மேன் பக்கத்தைப் பலர் வேலை முடிந்த பிறகு ஒட்டும் லேபிளாக நினைக்கிறார்கள். அது நிரலுக்கு வைக்கும் தேர்வு. ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம்.

தமிழ்க் கோப்பு ஒன்றில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். யூனிக்ஸில் எண்ணுவதற்கு டபிள்யூசி என்ற கட்டளை இருக்கிறது. அம்மா என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் போட்டு, பைட்டுகளை எண்ணச் சொன்னால் 15 என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். கேரக்டர்களை எண்ணச் சொன்னால் 5 என்கிறது: அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் நமக்கு வேண்டும். எனவே நீங்கள் பைத்தானில் இருபது வரியில் ஒரு நிரல் எழுதி, எழுத்தெண்ணி என்று பெயர் வைக்கிறீர்கள். லினக்ஸில் கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம் என்பதால் கட்டளையின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். நிரல் ஓடுகிறது, அம்மாவுக்கு 3 என்கிறது. வேலை முடிந்ததாகத்தான் தோன்றும்.

இப்போது பக்கத்தை எழுத உட்காருங்கள். முதல் பகுதி பெயர். அதில் ஒரே ஒரு வரி: கட்டளையின் பெயர், ஒரு கோடு, அது என்ன செய்கிறது என்று ஒரு துண்டு வாக்கியம். முற்றுப்புள்ளி கூடாது. “எழுத்தெண்ணி - கோப்பில் உள்ள தமிழ் எழுத்துகளை எண்ணும்.” இங்கே புள்ளி என் வாக்கியத்துக்கு உரியது, பக்கத்துக்கு உரியது அல்ல. இந்த ஒற்றை வரி பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் கட்டளையின் பெயர் தெரியாமல் பொருளை வைத்துத் தேட உதவும் அப்ரோபோஸ், பெயரைக் கொடுத்தால் ஒரு வரி விளக்கம் தரும் வாட்இஸ் ஆகிய இரண்டும் இந்த வரியைத்தான் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போடுகின்றன. கோடு விட்டுப்போனாலோ, வரி இரண்டாக உடைந்து வடிவம் கெட்டாலோ உங்கள் நிரல் தேடலில் அகப்படாது. பலநூறு வரி எழுதியும் முதல் வரியில் கோட்டை விட்டவர்கள் உண்டு. “சக்திவாய்ந்த, எளிய, நவீன” போன்ற அடைமொழிகளையும் இங்கே பார்க்கிறேன். அடைமொழியை வைத்து யாரும் தேடுவதில்லை.

அடுத்தது சினாப்சிஸ், கட்டளையை எப்படி எழுத வேண்டும் என்ற வாய்பாடு. எழுத்தெண்ணிக்கு அது இப்படி இருக்கும்:

எழுத்தெண்ணி [-எஸ்] [கோப்பு ...]

சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம், கொடுக்கலாம், விடலாம். மூன்று புள்ளி வந்தால், அதற்கு முன்னால் இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். செங்குத்துக் கோடு வந்தால் இதுவா அதுவா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அப்படியே தட்ட வேண்டியது தடித்த எழுத்தில். இடத்துக்குத் தக்கபடி மாற்றிப் போட வேண்டியது சாய்வெழுத்தில், டெர்மினலில் பெரும்பாலும் அடிக்கோட்டோடு. ஒரே வரியில் இத்தனை செய்தி. ஆனால் இந்த வரியை எழுதிய கையோடு கேள்விகள் கிளம்புகின்றன. கோப்பு விருப்பம் என்றால், கோப்பே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? டபிள்யூசி என்றால் விசைப்பலகையிலிருந்தோ குழாய் வழியாகவோ வருவதைப் படிக்கும். உங்கள் இருபது வரி நிரல் பிழைச்செய்தியைக் கக்கிவிட்டுச் சாகும். மூன்று புள்ளி போட்டாயிற்று. மூன்று கோப்பு கொடுத்தால் மூன்று எண்ணா, ஒரே கூட்டுத்தொகையா, இரண்டுமா? இரண்டாவது கோப்பு இல்லாமலிருந்தால் மூன்றாவதை எண்ணுமா, அங்கேயே நின்றுவிடுமா?

விளக்கப் பகுதிக்கு வந்தால் நிலைமை மோசமாகிறது. “தமிழ் எழுத்துகளை எண்ணி அச்சிடும்” என்று முதல் வாக்கியத்தை எழுதியதுமே, தமிழ் எழுத்து என்றால் எது என்று பக்கம் கேட்கிறது. க்ஷ ஒரு எழுத்தா, இரண்டா? யூனிகோடில் அது ககரம், புள்ளி, ஷகரம் என்று மூன்று குறியீடு. பள்ளிக்கூடத்து அட்டையில் ஒற்றைக் கிரந்த எழுத்து. ஸ்ரீயை எப்படிக் கணக்கிடுவது? நடுவில் வரும் ஆங்கில எழுத்தும் எண்ணும் காற்புள்ளியும் கணக்கில் சேருமா? கொ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். உங்கள் நிரல் இரண்டுக்கும் ஒரே விடை சொல்கிறதா? சோதித்தீர்களா?

இந்தக் கேள்விகள் எல்லாம் நிரலை எழுதும்போது ஏன் வரவில்லை? நிரல் எழுதுபவர் தம் கையில் இருக்கும் கோப்பை மனத்தில் வைத்து எழுதுகிறார். பக்கம் எழுதுபவர் முகம் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் கோப்பை மனத்தில் வைத்தாக வேண்டியிருக்கிறது. “எண்ணும்” என்ற வினைமுற்றை எழுதிவிட்டால் அதற்குப் பொறுப்பேற்றாக வேண்டும். ஆகவே பேனாவை வைத்துவிட்டு நிரலுக்குத் திரும்புகிறீர்கள். கோப்பு இல்லையேல் உள்ளீட்டைப் படி. கோப்பு திறக்காவிட்டால் பிழையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போ. கடைசியில் வெளியேறும் நிலை எண்ணை 1 ஆக்கு. டபிள்யூசி அப்படித்தான் செய்கிறது. பழகிய வழியை மாற்றாமல் இருப்பது பயனருக்குச் செய்யும் உபகாரம். க்ஷ விஷயத்தில் ஒரு முடிவெடுத்து, மற்ற முடிவு வேண்டுபவருக்காக -எஸ் என்ற ஆப்ஷன் வைக்கிறீர்கள். சமாளிக்க முடியாததைக் குறைகள் பகுதியில் எழுதுகிறீர்கள். பழைய டிஸ்கி, பாமினி குறியாக்கத்தில் உள்ள கோப்புகளைக் கொடுத்தால் விடை அர்த்தமற்றதாக இருக்கும் என்பது அங்கே போக வேண்டிய செய்தி.

அந்த வெளியேறும் நிலை எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. சுழியம் என்றால் சுகம். வேறெதுவும் ஏதோ கோளாறு. மனிதன் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் ஸ்கிரிப்டுகள் அதை வைத்தே முடிவெடுக்கின்றன. தேடும் கட்டளையான கிரெப், சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2 என்று மூன்று விதமாகச் சொல்லும். கிடைக்காததும் பிழையும் வேறு வேறு என்பது அதன் பக்கத்தைப் படித்தவருக்கே தெரியும். அதே மாதிரி சூழல் மாறிகள். டபிள்யூசியின் கேரக்டர் கணக்கு, அவை வழியே அமையும் லோகேல் என்ற மொழி அமைப்பைப் பொறுத்தது. லோகேல் வெறும் சி என்று இருந்தால் அம்மாவில் 5 கேரக்டர் என்று சொன்ன அதே கட்டளை 15 என்று சொல்லும். பக்கத்தில் இதற்கென்று ஒரு பகுதி இல்லாவிட்டால், நிரல் பைத்தியம் பிடித்தது போல நடப்பதாகத்தான் பயனர் நினைப்பார்.

பிரிவு எண்ணை முடிவு செய்வதும் எழுதுபவர் வேலை. இன்றைய வழக்கத்தில் 1 பொதுக் கட்டளைகள், 2 கெர்னலின் சிஸ்டம் கால்கள், 3 நூலகச் சார்புகள், 4 சாதனங்கள், 5 கோப்பு வடிவங்கள், 6 விளையாட்டுகள், 7 பலவகை, 8 நிர்வாகக் கட்டளைகள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் வரும் எண் இதுதான். பாஸ்டபிள்யூடி(1) கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை. பாஸ்டபிள்யூடி(5) பயனர் விவரங்கள் இருக்கும் கோப்பின் வடிவம். எண் கொடுக்காமல் கேட்டால் முதலாவதுதான் வரும். இரண்டாவது வேண்டுபவர் அது இருப்பதே தெரியாமல் திண்டாடுவார். எனவே ஒரு பக்கத்தின் கடைசியில் “மேலும் காண்க” என்று மற்றொன்றைக் காட்டும்போது எண்ணையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இனி இலக்கணம். மேன் பக்கத்தின் மூலக் கோப்பு வெறும் உரைதான்; அதை ரோஃப் குடும்பத்து நிரல் ஒன்று வடிவமைத்துத் திரைக்கு அனுப்புகிறது. இந்தக் குடும்பத்தின் மூதாதை ரன்ஆஃப். 1964-இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸர் எழுதியது. வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வந்தால் அது அச்சிட வேண்டிய உரை அல்ல, வடிவமைப்பு ஆணை என்ற விதி அங்கே தொடங்கியது. பெல் ஆய்வகத்தில் மெக்கில்ராய் அதைத் தழுவி ரோஃப் எழுதினார். ஜோ ஒஸ்ஸானா என்ரோஃப், டிரோஃப் இரண்டையும் எழுதினார். 1977-இல் அவர் இறந்த பின் பிரயன் கெர்னிஹான் டிரோஃபை எந்த அச்சுப்பொறிக்கும் பொருந்தும்படி திருத்தினார். 1990-இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய கிராஃப் இன்றைய லினக்ஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் புள்ளி அசையவில்லை.

கற்க வேண்டிய ஆணைகள் இரு கை விரல்களுக்குள் அடங்கும். .டிஹெச் தலைப்பு, பிரிவு எண், தேதி ஆகியவற்றைச் சொல்லும். .எஸ்ஹெச் பகுதித் தலைப்பு. .பிபி புதுப் பத்தி. .டிபி ஆப்ஷனையும் அதன் விளக்கத்தையும் தள்ளி அமைக்கும். .பி தடித்த எழுத்து, .ஐ சாய்வு. இவ்வளவு தெரிந்தால் முழுப் பக்கமும் எழுதிவிடலாம். தொல்லை தருவது ஆணைகள் அல்ல, ஆணை என்று நினைக்காமல் எழுதுபவை. யூனிக்ஸில் பயனரின் சொந்த அமைப்புக் கோப்புகள் பலவற்றின் பெயர் புள்ளியில் தொடங்கும்: .பேஷ்ஆர்சி, .புரொஃபைல். வாக்கியம் மடிந்து, அப்படி ஒரு பெயர் வரியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். ரோஃப் அதை ஆணை என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஓர் ஆணை இல்லை என்பதால் வரியையே சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எழுதியவர் மூலக் கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் எல்லாம் சரியாக இருக்கும். படிப்பவருக்கு வாக்கியத்தின் நடுவில் ஓட்டை. புள்ளிக்கு முன் \& என்ற அகலமில்லாத குறியைப் போட்டால் தீர்ந்தது. ஒற்றை மேற்கோள் குறியில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான், இதே மருந்துதான்.

கோட்டுக் குறியில் இன்னும் நுட்பமான பொறி இருக்கிறது. விசைப்பலகையில் உள்ள சிறு கோட்டை அப்படியே எழுதினால், ரோஃப் அதைச் சொல்லை இணைக்கும் கோடாக எடுத்துக்கொண்டு, யூனிகோடு திரையில் அதற்கென்று உள்ள வேறொரு குறியீட்டை அச்சிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பயனர் அந்தப் பக்கத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் கணினி ஏற்காது. பக்கத்துக்குள் அந்த ஆப்ஷனைத் தேடினாலும் அகப்படாது. ஆப்ஷனின் கோட்டை \- என்று எழுதுவதே முறை. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான நிறுவல்கள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்படி சமாளித்து வந்ததால், எழுதுபவர்களும் அலட்சியமாகப் பழகிவிட்டார்கள். 2023-இல் வந்த கிராஃப் 1.23 அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டதும் பழைய பக்கங்களின் குட்டு வெளிப்பட்டது; டெபியன் போன்ற வினியோகங்கள் பழைய நடத்தையைத் தம் பக்கத்திலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குங்கள் என்று 1974-இலேயே கெர்னிஹான், புதியவர்களுக்கான தம் யூனிக்ஸ் வழிகாட்டியில் சொன்னார். திரையில் எப்படியும் ரோஃப் வரிகளைச் சேர்த்துவிடும். மூலத்தில் தனித்தனி வரியாக இருந்தால் ஒரு வாக்கியத்தை மாற்றுவதும் நகர்த்துவதும் எளிது. எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கும் ஒரு வரிதான் மாறியதாகத் தெரியும். இன்றைய லினக்ஸ் மேன் பக்கத் திட்டமும் இதையே கேட்கிறது. தமிழில் நீள நீளமாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னொரு விதத்திலும் நல்லது. வாக்கியம் நான்கு வரி ஓடினால் அது மூலத்திலேயே கண்ணை உறுத்தும்.

தேர்வு என்று முன்னே சொன்னேன். அந்தத் தேர்வில் இயங்குதளத்தின் மையமான கெர்னலே தோற்ற கதை ஒன்று உண்டு. லினக்ஸின் சிஸ்டம் கால்களுக்கும் சி நூலகத்துக்குமான மேன் பக்கங்களை 2004 முதல் பதினாறு ஆண்டுக்கு மேல் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க். 2007-இல் வந்த கெர்னல் 2.6.22-இல், நேரம் முடிந்ததைக் கோப்பைப் படிப்பது போலவே படித்து அறிய உதவும் டைமர்எஃப்டி என்ற புதிய சிஸ்டம் கால் சேர்க்கப்பட்டிருந்தது. பலர் பார்வைக்குப் போய், ஏற்கப்பட்டு, உலகம் முழுக்க வெளியாகியும் விட்டது. அதற்குப் பக்கம் எழுதும் வேலையில் கெரிஸ்க் இறங்கினார். அவர் வழக்கம், பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு கூற்றையும் சின்னச் சோதனை நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பது. படித்தால் வர வேண்டிய எண் சரியாக வரவில்லை. அத்தோடு வடிவமைப்பிலும் ஓட்டை. இதே வேலையைச் செய்யும் பழைய இடைமுகங்களில், டைமரில் இன்னும் எவ்வளவு நேரம் மீதி என்று கேட்கலாம். புதிய நேரத்தை வைக்கும்போது பழைய அமைப்பைத் திரும்பப் பெறலாம். புதியதில் இரண்டுக்கும் வழியில்லை. மற்ற பக்கங்களோடு ஒப்பிட்டு எழுதுபவருக்குத்தான் இந்த இடைவெளி தெரியும். கெர்னல்காரர்கள் 2.6.23-இல் அதை முடக்கிவைத்தார்கள். 2.6.25-இல் உருவாக்க ஒன்று, நேரம் வைக்க ஒன்று, மீதியைக் கேட்க ஒன்று என்று மூன்று சிஸ்டம் கால்களாகத் திரும்பி வந்தது. இன்று நாம் பயன்படுத்துவது அந்த மூன்றைத்தான். ஒருமுறை வெளியான சிஸ்டம் காலை லினக்ஸில் மாற்றுவது கிட்டத்தட்ட நடவாத காரியம். அதை நடத்திக் காட்டியது எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கையேட்டுப் பக்கம்.

எல்லோரும் இந்தக் கட்சி இல்லை. குனு திட்டம் மேன் பக்கத்தை இரண்டாம் தரமாகத்தான் வைத்தது. அவர்களுக்கு இன்ஃபோ என்ற, அத்தியாயம் அத்தியாயமாக விரியும் வேறு வடிவம். அதில் நியாயம் இருக்கிறது. பெரிய மென்பொருளை முதன்முதலாகக் கற்பவருக்கு மேன் பக்கம் உதவாது. அது கற்றவர் சந்தேகம் பார்க்கும் இடம். ஆனால் குனுவின் அடிப்படைக் கட்டளைகளுக்கு, நிரல் தரும் உதவிச் செய்தியையே இயந்திரம் கொண்டு மேன் பக்கமாக்கி வைக்கிறார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆப்ஷன்களின் பட்டியல் வந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்ததற்கான தடயம் வருவதில்லை. மறுகோடியில் பேஷ் ஷெல்லின் பக்கம் பல ஆயிரம் வரி ஓடுகிறது. பேஷ் மிகப் பெரியது, மிக மெதுவானது என்று அந்தப் பக்கத்தின் குறைகள் பகுதியே ஒப்புக்கொள்வது ஒன்றுதான் அதைப் படித்து முடிப்பவருக்கு ஆறுதல்.

பிஎஸ்டிக்காரர்கள் வேறு திசையில் போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் எம்டாக் என்ற ஆணைத் தொகுப்பை உருவாக்கினார். அதில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று சொல்வதில்லை. இது ஆப்ஷன், இது கோப்பின் பெயர், இது சூழல் மாறி என்று பொருளைச் சொல்ல வேண்டும், தோற்றத்தை நிரல் பார்த்துக்கொள்ளும். 2008-இல் கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் தொடங்கிய மேன்டாக், இந்தக் குறிகளை வைத்தே தேடவும் விடுகிறது: இந்தச் சூழல் மாறியைப் பற்றிப் பேசும் பக்கங்கள் எல்லாம் கொடு என்று கேட்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு எம்டாக்தான். லினக்ஸிலும் கிராஃப் அதைப் புரிந்துகொள்ளும். மேன்டாக்கில் லின்ட் என்ற சோதனை முறையும் உண்டு. தேதி விட்டுப்போனால், பகுதிகளின் வரிசை தவறினால், ஒரே வரியில் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினால்கூடக் குறை சொல்லும். அதன் குறைகளைக் கேட்டுத் திருத்திவிட்டுத்தான் மனிதருக்குக் காட்ட வேண்டும்.

எழுத்தெண்ணிக்கு எழுதிய பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் தடையில்லை. மேன் பக்கங்கள் இருக்கும் அடைவில் தமிழுக்கான டிஏ என்ற துணை அடைவை உண்டாக்கி அதில் வைத்தால், லோகேல் தமிழாக உள்ள கணினியில் மேன் முதலில் அதையே எடுத்துக் காட்டும். தமிழ்ப் பக்கம் இல்லாத கட்டளைகளுக்கு வழக்கமான ஆங்கிலப் பக்கம் வரும்.

சொந்தமாக நிரல் எழுதாதவர்களுக்கும் இதில் இடமுண்டு. மேன் பக்கம் இல்லாத கட்டளையை டெபியன் தன் கொள்கை ஆவணத்திலேயே பக் என்று வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் கணினியின் கட்டளை அடைவைத் துழாவினால் அப்படி ஒன்றாவது அகப்படும். அதை ஓட்டிப் பாருங்கள், தவறான உள்ளீடு கொடுத்துப் பாருங்கள், கண்டதை எழுதி அதன் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். முழுப் பக்கம் எழுதத் தயக்கமாக இருந்தால், லினக்ஸ் மேன் பக்கத் திட்டத்துக்கு இன்றும் திருத்தங்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன. ஒரே ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பினாலும் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.